அந்த பஸ்ஸை வேண்டாம் என்று சொல்

இல்லை, அப்பா சொல்லி நான் வேலையை நிறுத்தவில்லை. உன் பிளஸ் டூ பரீட்சைக்காகவும் இல்லை. அப்போது உன்னிடம் அப்படித்தான் சொன்னேன். நேற்று போனில் நீ மறுபடி கேட்டபோதும் அதே பதில்தான் வாய்வரை வந்தது. லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

நீ கேட்டது இரண்டு கேள்வி. ஏன் அந்த வேலையை விட்டாய் என்பது ஒன்று. எப்படி அத்தனை பேரை வரவைத்தாய் என்பது இன்னொன்று. உனக்கு அவசரமாக வேண்டியது இரண்டாவதற்கான பதில். டெக்சஸில் நீ சேர்ந்திருக்கும் ஆராய்ச்சிக்கு மெக்சிகோவிலிருந்தும் குவாத்தமாலாவிலிருந்தும் வந்த பெண்கள் வேண்டும். மார்பகப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் பரிசோதனைக்கு அவர்களைச் சேர்க்க வேண்டும். ஸ்பானிஷில் நோட்டீஸ் அடித்தாயிற்று. சர்ச் வாசலில் நின்றாயிற்று. "எல்லாரும் நல்லா தலையாட்டுறாங்கம்மா, அப்புறம் ஒருத்திகூட வரல" என்றாய். பிறகு உன் குரல் மாறியது. கோழி வெட்டிப் பொட்டலம் போடும் ஆலை ஒன்றின் மேனேஜர் ஒப்புக்கொண்டுவிட்டாராம். வருகிற புதன்கிழமை, டியூட்டி நேரத்திலேயே, ஆலை பஸ்ஸிலேயே பெண்களை அனுப்புகிறாராம். "ஒரே நாள்ல நாப்பது பேரும்மா!" அந்தச் சந்தோஷத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் இன்றைக்கே உட்கார்ந்து எழுதுகிறேன். உன் இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான்.

பர் துபாய் கிளினிக் உனக்கு ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து ஏ.சி.க்காக ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பாய். அங்கே டாக்டர் ஷைலா இதே மாதிரி ஓர் ஆய்வை நடத்தினார். நாற்பது வயது தாண்டிய தமிழ்ப் பெண்கள், இந்தியாவோ இலங்கையோ, யாராக இருந்தாலும் சரி. படம் எடுப்பது இலவசம். ஆட்களைச் சேர்க்கத் தமிழ் பேசும் ஒரு பெண் வேண்டும். எனக்கு எம்.ஏ. இருந்தது, வேலை இல்லாமல் இருந்தது. சேர்ந்தேன். முதல் இரண்டு மாதம் ஒருவரும் வரவில்லை. வெள்ளிக்கிழமை கோவில் சந்தில் நின்று துண்டுக் காகிதம் கொடுப்பேன். வாங்கிப் படித்துவிட்டு, ஏதோ சுட்டதுபோலத் திருப்பிக் கொடுப்பார்கள். "அக்கா, போன மாசம்தான் மெடிக்கல் பாஸ் பண்ணேன். மறுபடி எதுக்கு?" இந்த ஊரில் பரிசோதனை என்றால் அது ஒன்றுதான். விசாவுக்கான மெடிக்கல், காசநோய் மாதிரி ஒட்டுகிற நோய் இருக்கிறதா என்று பார்ப்பது. பாஸானால் இருக்கலாம். ஃபெயிலானால் ஊருக்கு டிக்கெட். யாரும் உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று அறிவதற்காகச் சோதிப்பதில்லை. உன்னை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று அறிவதற்குத்தான் சோதிப்பார்கள். இது எனக்குத் தெரியாத விஷயமா? நானும் அதே வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தவள்தானே. தெரிந்தும் அதை என் வேலையோடு சேர்த்து யோசிக்கவில்லை.

ஊர் ஓரத்தில், முவைலாவில், துப்புரவு கம்பெனிப் பெண்கள் தங்கியிருந்த கேம்ப்புக்கும் போனேன். கட்டிலில் வரிசையாக உட்கார்ந்து கேட்டார்கள். நான் பேசி முடித்ததும் ஒரு தஞ்சாவூர்க்காரி எழுந்தாள். "தலைவலின்னு சொன்னா ஒரு மாத்திரை தர மாட்டான் இந்த ஊர்ல. புத்துநோய்க்கு ஓசியில படம் எடுக்கறானாம். கேட்டுக்கோங்கடி." அறையே சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. அறியாமை என்று அன்றைக்கு என் டைரியில் எழுதினேன். அந்த வார்த்தையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அவள் சொன்னது முழுக்க நியாயமான சந்தேகம்.

வழி காட்டியது ஜுலைகா லாத்தா. கீழக்கரைக்காரர். லாத்தா என்றால் அவர்கள் பக்கம் அக்கா. அவர் கணவருக்கு மீனா பஜாரில் துணிக்கடை. உன்னை ஒரு பெருநாளுக்குக் கூட்டிப்போனேனே, நீ மூன்று வட்டலப்பம் சாப்பிட்ட வீடு. "பொம்பளைங்களத் தெருவுல தேடினா எங்கேம்மா கிடைப்பாங்க? வீட்டுக்கு வா" என்றார். போனேன். இருபது பேர் கூடியிருந்தார்கள். மெஷின் எப்படி இருக்கும் என்று ஒருத்தி கேட்டாள். இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்து அமுக்குவார்கள் என்றேன். "பரோட்டா தட்டுற மாதிரியா?" என்றாள் இன்னொருத்தி. "உனக்குப் பரோட்டா, எனக்கு இடியாப்பம்தான், ஒண்ணும் மிச்சமில்ல" என்றார் லாத்தா. அந்தச் சிரிப்பிலேயே பாதிப் பேர் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அதற்கப்புறம் ஒரு வாக்கியம் வந்தது. யார் முதலில் சொன்னது என்று ஞாபகம் இல்லை. நானாகவும் இருக்கலாம். "நம்ம வீட்டு வேலைக்காரப் புள்ளைங்களையும் கூட்டிட்டு வந்துருவோம்."

அதுதான் வழி. எஜமானியிடம் சொன்னால் போதும். வேலைக்காரி காரின் பின்சீட்டில் வருவாள். ஒரு வீட்டுக்கு இரண்டு பேர். எண்ணிக்கை ஏறிய வேகத்தைப் பார்த்து டாக்டர் ஷைலா என்னைக் கட்டிக்கொண்டார். கேக் வெட்டினோம். நீயும் சாப்பிட்டாய், க்ரீம் உன் யூனிஃபார்மில் பட்டது. அன்று நான் உன்னிடம், மனுஷங்ககிட்ட நம்பிக்கையா பேசத் தெரியணும், அவ்வளவுதான் விஷயம் என்றேன். பொய். நான் அந்தப் பெண்களிடம் பேசவே இல்லை. அவர்களுடைய முதலாளிகளிடம் பேசினேன்.

லாத்தா வீட்டில் வேலை பார்த்தவள் புஷ்பம். இலங்கை மலையகம். தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில், மகளை விட்டுவிட்டு வந்தவள். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருப்பாள். ஃபாரம் நிரப்பும் மேஜைக்கு எதிரே நாற்காலியில் உட்காராமல் நின்றாள். உட்காரச் சொன்னதும் நுனியில் உட்கார்ந்தாள். பின்னால் ஆறேழு பேர் வரிசையில்.

"இது மெடிக்கலா மிஸ்?"

"இல்ல, இது வேற."

"வேறன்னா?"

வரிசையைப் பார்த்தேன். "பயப்படாதீங்க. நல்லதுக்குத்தான்."

அவள் கதவுப் பக்கம் பார்த்தாள். லாத்தா வெளியே யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள். "நான் மாட்டேன்னு சொல்லலாமா மிஸ்?"

இதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை மாற்றாமல். அந்த ஆறு மாதத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி. அதற்குப் பதில் ஃபாரத்திலேயே, மேலிருந்து மூன்றாவது வரியில், அச்சடித்து இருந்தது: விருப்பமில்லை என்றால் சேர வேண்டியதில்லை. நான் அதைப் படித்துக் காட்டியிருக்கலாம். "ஏன் மாட்டேங்கறீங்க? லாத்தாவே எடுத்துக்கறாங்க, ஓசிதானே" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவளும் சிரித்தாள். கையெழுத்துப் போட்டாள். அழகான கையெழுத்து.

அடுத்த கட்டம் முகவரி. "கடுதாசி ஒண்ணும் வேணாம் மிஸ். என்னன்னாலும் நீங்களே வந்து வாயால சொல்லிருங்க." சரி, நானே வந்து சொல்கிறேன் என்றேன். சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னேன். ஆனால் முகவரிக் கட்டம் காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் அந்த ஃபாரத்தை ஏற்காது. உனக்குத் தெரியும், இங்கே வீட்டுக்குத் தபால்காரர் வருவதில்லை. தபால் நிலையத்தில் ஒரு பெட்டி, அதற்கு ஓர் எண், அந்த எண் கம்பெனிக்குச் சொந்தம். விசா யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய பெட்டிதான் உன் முகவரி. நமக்கு வந்த கடிதங்கள்கூட அப்பாவின் ஆபீஸ் வழியாகத்தான் வந்தன, உன் பாட்டி எழுதியது உட்பட. அதில் எதுவும் விசித்திரமாகப் படாத அளவுக்குப் பழகியிருந்தோம். லாத்தாவின் ஃபாரத்தைப் பார்த்து அதே துணிக்கடையின் பெட்டி எண்ணைப் புஷ்பத்துக்கும் எழுதினேன். எழுத மூன்று வினாடி ஆகியிருக்கும்.

புஷ்பத்தின் படத்தில் ஓர் இடம் தெளிவாக இல்லை. இன்னொரு படம் எடுக்க வேண்டும். அவ்வளவுதான். இப்படித் திரும்பக் கூப்பிடுகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் இருக்காது என்று டாக்டர் எப்போதும் சொல்வார். உனக்கும் இது பாடத்தில் வந்திருக்கும். கடிதம் ஆங்கிலத்தில் போனது. மேலும் பரிசோதனை தேவைப்படுகிறது, கிளினிக்கைத் தொடர்புகொள்ளவும். கடையில் விசா வேலைகளைப் பார்க்கும் ஓர் ஆள் இருந்தார். கடைக்கு வரும் கடிதங்களை அவர்தான் பிரிப்பார். ஒரு வேலைக்காரியின் பெயர், ஒரு டாக்டரின் கையெழுத்து, பரிசோதனை என்ற வார்த்தை. அவருக்கு இருபது வருடமாகத் தெரிந்தது ஒரே வகைக் கடிதம்தான். முதலாளியிடம் போய், மெடிக்கல் ஃபெயில் என்றார்.

லாத்தாவையும் அவர் கணவரையும் நீ வில்லனாக்கிவிடாதே. நானும் முதலில் அப்படித்தான் செய்யப் பார்த்தேன். வசதியாக இருந்தது. அவர்கள் அவசரப்பட்டது அவளுக்காகத்தான். விசா புதுப்பிக்கும்போது அரசாங்க மெடிக்கலில் ஃபெயிலானால் கைரேகை எடுத்துத் தடை போட்டுவிடுவார்கள், பிறகு வளைகுடாவில் எந்த நாட்டுக்கும் அவள் வர முடியாது. அதற்கு முன்னால் நாமாகவே கேன்சல் செய்து அனுப்பிவிட்டால் அவள் பெயர் கெடாது. இதுதான் கணக்கு. நாலே நாளில் முடித்துவிட்டார்கள். பெட்டி நிறையத் துணி கொடுத்து, ஏர்போர்ட் வரை லாத்தாவே போய் அழுதுவிட்டு வந்திருக்கிறார்.

இரண்டாவது படத்துக்கு அவள் வரவில்லையே என்று நான் போன் செய்தேன்.

"புஷ்பமா? அனுப்பிட்டோமேம்மா. எனக்குப் பாஸுன்னு வந்துச்சு, அவளுக்கு ஃபெயிலுன்னு வந்துச்சுல்ல."

நான் விளக்கினேன். ஃபெயில் இல்லை, நோய் என்றும் இல்லை, விசாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. "யா அல்லா. அந்தப் புள்ள ஒட்டுற சீக்குன்னு நினைச்சு, போற அன்னைக்கு எங்க டம்ளர்ல தண்ணிகூடக் குடிக்கலம்மா. இப்ப யாரு அவகிட்ட சொல்றது?"

நான் சொல்கிறேன் என்றேன். இரண்டாவது தடவையாக.

டாக்டர் ஷைலாவிடம் சொன்னபோது அவர் முகம் வாடியது. பிறகு, "நாம லெட்டர் அனுப்பிட்டோம். கையெழுத்தும் இருக்கு" என்றார். பட்டியலில் இப்படிப்பட்டவர்களுக்கென்று ஒரு கட்டம் இருந்தது, தொடர்பு விட்டுப்போனவர். நான்தான் டிக் அடித்தேன். தோட்டத்து விலாசம் லாத்தாவிடம் இருந்தது. வாங்கி வந்து கடிதம் எழுத உட்கார்ந்தேன். மூன்று முறை. உங்களுக்கு ஒன்றுமில்லாமல் இருக்கலாம் என்று எழுதினால், பிறகு ஏன் அனுப்பினார்கள் என்று வரும். அதற்கு அடுத்த வரியில் நான் வர வேண்டும். அந்த வரி வரும்போதெல்லாம் கிழித்தேன். ஒரு மாதம் போனது. வேலையை விட்டேன். உன் பரீட்சை வந்தது, நல்ல காரணமாக இருந்தது. ஏழு வருடம்.

அமெரிக்கக் கல்லூரிக்கு நீ எழுதிய கட்டுரையை ஹாலில் நின்று வாசித்துக் காட்டினாய். வளைகுடாவில் யாரும் எட்டாத பெண்களை எட்டிய என் தாய், என்று ஆரம்பித்தாய். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து போனேன், ஞாபகம் இருக்கிறதா? அடுப்பில் ஒன்றும் இல்லை. குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அந்தக் கட்டுரைதான் உன்னை இன்று அந்த ஆலை வாசலில் நிறுத்தியிருக்கிறது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். உன் முகத்தில் அன்றிருந்த பெருமை எனக்கு வேண்டியிருந்தது. அதுதான் காரணம், வேறு கௌரவமான காரணம் இல்லை.

இப்போது உன் புதன்கிழமை. அந்த மேனேஜர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் பஸ்ஸில் ஏறுகிற பெண் அவருக்குத்தான் சரி என்று சொல்கிறாள், உனக்கு இல்லை. ஏறாவிட்டால் அடுத்த வாரம் ஷிஃப்ட் கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டே ஏறுவாள். அவர்களில் பாதிப் பேரிடம் காகிதம் சரியாக இல்லை என்று நீயே சொன்னாய். காகிதம் சரியில்லாதவளுக்குப் பெயர் எழுதும் எந்த ஃபாரமும் போலீஸ் ஃபாரம்தான். உன் ஃபாரம் வேறு என்று உனக்குத் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்? சர்ச் வாசலில் தலையாட்டிவிட்டு வராமல் போனார்களே, அவர்கள் உனக்கு மரியாதையாக ஒரு பதில் சொல்லியிருக்கிறார்கள். மாட்டேன் என்று சொல்ல அவர்களுக்கு இடம் இருந்தது. பஸ்ஸில் அந்த இடம் இருக்காது. எந்தப் பரிசோதனைக்குப் பயப்படுகிறார்கள், அது நடந்தபோது யாருக்கு என்ன ஆகியிருக்கிறது என்று முதலில் கேள். பேசவிட்டுக் கேள். முடிவு எங்கே போக வேண்டும் என்று ஒவ்வொருத்தியிடமும் தனியாகக் கேள், அந்தக் கடிதத்தை வேறு யார் பிரிப்பார்கள் என்றும் கேள். நாற்பது பேர் நாலு பேராகலாம். உன் மேற்பார்வையாளர் முகம் சுளிப்பார். வேலையே போனாலும் போகலாம், அது எனக்குப் புரிகிறது. படம் எடுப்பது நல்லது, அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. லாத்தாவின் கூட்டத்தில் ஒருத்திக்கு நோயைச் சீக்கிரமே கண்டுபிடித்ததால் இன்றைக்கும் நன்றாக இருக்கிறாள். அதனால்தான் இன்னும் சங்கடமாக இருக்கிறது. நல்ல காரியம் கையில் இருக்கும்போது கேட்காமலே செய்துவிடலாம் என்று தோன்றும்.

இந்த இடத்தில் நேற்று கடிதத்தை நிறுத்தினேன். உனக்குப் புத்தி சொல்லும் தகுதி வேண்டுமென்றால் முதலில் ஒரு காரியம் பாக்கி இருந்தது. இன்று காலை பர் துபாய் போனேன். லாத்தாவுக்கு இப்போது முழங்கால் வலி, சோபாவைவிட்டு எழுவதில்லை. புஷ்பத்தைப் பற்றித் தகவல் உண்டா என்று கேட்டேன்.

"ஏன் இல்லாம? வருசாவருசம் நோன்புக்கு ஊருக்குப் போற புள்ளைங்ககிட்ட சேலை குடுத்து விடறேன். இருக்கா, நல்லாத்தான் இருக்கா. மககூட."

"அவங்களுக்கு விஷயம் தெரியுமா லாத்தா? ஃபெயில் இல்லைன்னு?"

அவர் என்னைப் பார்த்தார். "நீதானம்மா சொல்றேன்னு சொன்னே. நீ சொல்லியிருப்பேன்னுதானே நான் இருக்கேன்."

நம்பர் வாங்கிக்கொண்டு கீழே வந்து, கடைகளுக்கு நடுவில் நிழலாக இருந்த ஒரு படிக்கட்டில் நின்று போன் செய்தேன். அவளே எடுத்தாள். நான் யார் என்று சொன்னதும் தெரிந்துகொண்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். யார் எண்ணை யார் எழுதியது என்பது உட்பட.

"அப்ப அது ஃபெயில் இல்லியா மிஸ்?"

"இல்ல."

"ஒட்டாதா?"

"ஒட்டவே ஒட்டாது. அப்படி ஒரு நோய் இருந்தாக்கூட ஒட்டாது."

"பேத்திக்கு அஞ்சு வயசு மிஸ். ஒரு தட்டுல வச்சு ஊட்டினதில்ல. ஒரு பாயில படுத்ததில்ல." பிறகு, "ஏழு வருசம்" என்றாள். திட்டினாலாவது நன்றாக இருந்திருக்கும். மன்னிப்புக் கேட்டேன். மன்னித்ததாக அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றும் இல்லை.

இன்னொரு படம் எடுத்துப் பார்ப்பது நல்லது, கண்டியில் எடுக்கலாம், பழைய படம் இருந்தால் அங்கே இருக்கும் டாக்டருக்கு உதவும், செலவும் கூட வருவதும் என் பொறுப்பு என்றேன். பிறகு, நீங்கள் வேண்டாம் என்றும் சொல்லலாம், அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்றேன்.

"யோசிக்கணும் மிஸ். மககிட்ட கேக்கணும். நாளன்னைக்கு எடுங்க." வைத்துவிட்டாள்.

அங்கிருந்து கிளினிக்குக்கு நடந்தேன். ரிசப்ஷனில் புதுப் பெண். ஏழு வருடத்துக்கு முந்தைய படம் ஒன்று வேண்டும், சம்பந்தப்பட்டவர் கேட்டால் கொடுப்பதற்கு எடுத்துவைக்க வேண்டும் என்றேன். ஸ்டோரில் தேட வேண்டும், நேரமாகும் என்றாள். பரவாயில்லை என்று உட்கார்ந்தேன்.